தாய்மாமன் சோப்பு

ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்
2.9.2025

அன்புத் தம்பி அசோகனுக்கு அக்கா தமயந்தி எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் சேனாவும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? வலிக்கும்போது தரையில் படுக்கிறாயா, இல்லை இன்னும் அந்தப் பழைய மெத்தைதானா?

சேனாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. டிசம்பர் பதினான்கு, ஞாயிறு, இங்கேயே. பெண் பெயர் ஷில்பா. மாலூர்ப் பக்கம். ஒயிட்ஃபீல்டில் அவனோடு ஒரே ஆபீஸ். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. என்னை 'அத்தே' என்கிறாள், அதுவே எனக்குப் போதும்.

நீ வர வேண்டும் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மீதியைப் படிக்காமல் மடித்துவிடுவாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை குளிக்கும் முன் தாய்மாமன் அவன் முகத்துக்குச் சோப்புப் போடுவது நம் வீட்டு வழக்கம். அப்பா பௌத்தம் ஏற்றபோது ஹோமம், ஜாதகம், நல்ல நேரம் எல்லாவற்றையும் விட்டோம். இதை மட்டும் அப்பா விடவில்லை. "சுரங்கத்துத் தூசியக் கழுவறதுக்கு ஐயர் எதுக்கு, இது இருக்கட்டும்" என்றார். நினைவிருக்கிறதா?

அதற்கான பன்றிமுடிச் சவர பிரஷ்ஷைத் தாய்மாமன்தான் வாங்க வேண்டும். நீ வாங்க மாட்டாய், நானே வாங்கிக்கொள்கிறேன். அதிக விலை இல்லாமல், நல்லதாக, எதைப் பார்த்து வாங்குவது? கெமிஸ்ட்ரி படித்தவன் நீ, சொல்.

உன் அக்கா,
தமயந்தி

*

தொம்மலூர், பெங்களூரு
20.9.2025

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மெத்தையை மாற்றவில்லை. நீயும் சேனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

சேனாவுக்கு என் வாழ்த்து. நான் வர மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். அம்மா இறந்தபோது நான் கலபுரகியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் போன் செய்தேன், நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "ராகு காலம் வருது அசோகா, அதுக்குள்ள எடுத்துடணும்." இடுகாட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது குழியை மூடியாயிற்று. ஒரே மகன், ஒரு பிடி மண் போடவில்லை. நல்ல நேரத்தை வீட்டைவிட்டே விரட்டிய குடும்பத்தில், என் அம்மாவுக்கு மட்டும் அவர் ராகு காலம் பார்த்தார். இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் துறைத்தலைவரான கிளிஃபர்ட்டைக் கேட்டால் சொல்வான். பல வருடமாக அவனுக்கு என்னிடமிருந்து ஒரு குட் மார்னிங்கூடக் கிடையாது.

பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் தொழிலுக்கு அழகல்ல. 'பேட்ஜர்' என்ற விலங்கின் முடியில் செய்தது விலை அதிகம், உனக்கு வேண்டாம். பன்றிமுடி போதும். முடி தடிமனாக, வெளிறிய நிறமாக இருக்கும். உள்ளங்கையில் அழுத்திப் பார், மடங்கிப் படுக்கக் கூடாது, நிமிர்ந்துவிட வேண்டும். முடி ரொம்ப நீளமானால் தளர்ந்துபோகும். பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது. புதிதில் இரண்டொரு முடி உதிரும், பயப்படாதே. கொத்தாக உதிர்ந்தால் கடைக்காரன் முகத்திலேயே திருப்பி அடி.

அசோகன்

*

ராபர்ட்சன்பேட்டை
29.9.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைச் சேனாவும் படித்தான். "மாமா திட்டறதிலயும் ஒரு நீட்னெஸ் இருக்குது" என்கிறான்.

இங்கே மார்க்கெட்டில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஒரிஜினல் என்றார். சோப்பைத் தேய்த்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓடுகிறது, நுரை நிற்கவில்லை. சேனா கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பாத்திரம் தேய்க்கறது" என்று ஓடிவிட்டான். அவன் தாடி வேறு வளர்த்திருக்கிறான். எடுக்கக் கூடாது என்று ஷில்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்படியானால் தாய்மாமன் எங்கே சோப்புப் போடுவது? கழுத்திலா?

விருந்துக்கு மட்டன் பிரியாணி சொல்லியிருக்கிறோம். மாமாவுக்கு மட்டும் தனியாகச் சாம்பார் சாதம். அவர் கறி மீன் விட்டு வருடக்கணக்காகிறது, உனக்குத் தெரிந்திருக்காது.

இந்த பிரஷ்ஷை என்ன செய்வது?

அக்கா

*

தொம்மலூர்
7.10.2025

அக்காவுக்கு,

நலம். நீயும் தாடிக்காரனும் நலமா?

நீ வாங்கியது நைலான். பன்றிமுடியின் நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவில்தான் தண்ணீரும் நுரையும் தங்கும். நைலான் வெறும் குச்சி. சந்தேகமிருந்தால் ஒரு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்டு. நைலான் உருகி மணியாகிவிடும். உண்மையான முடி பொசுங்கும், கையால் நசுக்கினால் பொடியாகும்.

உன் மார்க்கெட்டை நம்பிப் பயனில்லை என்று நானே ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். உனக்காக அல்ல. பெங்களூரில் இந்தச் சின்னப் பொருள் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். மல்லேஸ்வரத்தில் ஒருவன் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து நீட்டினான். கடைசியில் ஆஸ்டின் டவுனில், சலூன் சாமான் விற்கும் வின்சென்ட் கடையில் கிடைத்தது.

"பிரஷ்ஷா சார்? எல்லாரும் ஃபோமுக்குப் போயிட்டாங்க. இப்ப இத கேக்கறது நீங்களும் எங்க சர்ச் ஃபாதரும்தான்."

"பன்றிமுடிதானே?"

"மெதுவா சொல்லுங்க சார், சைவ கஸ்டமரு நிக்கறாங்க."

"ஒரு முடி பிடுங்கிக்கொள்ளட்டுமா?"

"வாங்கறதுக்கு மின்னாடியே மொட்டை அடிக்கறீங்களே! சரி, ஒண்ணே ஒண்ணு."

தீப்பெட்டியை எடுத்தேன். பொசுங்கியது, பொடியானது. "திருப்தியா சார்? இப்ப கடை முழுக்க நாறுது, நாளைக்கு வந்து நீங்களே சாம்பிராணி போடுங்க" என்றான். நல்ல வியாபாரி, மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒன்று வாங்கினேன். இத்துடன் ஸ்பீட் போஸ்டில் வருகிறது. நான் வாங்கியதால் நான் வருவேன் என்று கணக்குப் போடாதே.

எச்சரிக்கை: புதிய பன்றிமுடி நனைந்தால் வாடை அடிக்கும். மழையில் நனைந்த மிருகம் மாதிரி. பழகப் பழகப் போய்விடும். தினமும் வெந்நீரில் சில நிமிடம் ஊறவிடு. கொதிநீர் கூடாது, அடியில் இருக்கும் பசை இளகிவிடும். உதறு, சோப்பில் வட்டமாகச் சுழற்று, உள்ளங்கையில் நுரை கட்டு. முதல் நாட்களில் பிரஷ் நுரையைத் தானே தின்றுவிடும், விடு. கழுவி, உதறி, முடி கீழே பார்க்கத் தொங்கவிடு. இப்படி ஒரு மாதமாவது பழக்க வேண்டும். பழக்காத பிரஷ்ஷை மாப்பிள்ளை முகத்தில் வைத்தால் சொறிந்துவிடும். தாடிக்கு மேலே கன்னம் இருக்கிறது, கீழே கழுத்து இருக்கிறது. இடத்துக்கு என்ன பஞ்சம்?

உன் வீட்டுக்காரர் கறி விட்டாராமே. ராகு காலத்துக்கு அடுத்த படியா?

அசோகன்

*

ராபர்ட்சன்பேட்டை
19.10.2025

அன்புத் தம்பிக்கு,

பார்சல் வந்தது. பிடி கைக்கு அழகாக அடங்குகிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், இங்கே சளி காய்ச்சல் சுற்றுகிறது.

நீ சொன்னபடி வெந்நீரில் போட்டேன். நீ எழுதியதைவிட அதிகமாகவே வாடை. சமையலறை வரை வந்துவிட்டது. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நெடுநேரம் கழித்துத்தான் வந்தார், மறுபடி சாப்பிடவில்லை. அந்த நாளிலிருந்து அவருக்கு இந்த மாதிரி வாடையே ஆகாது. ஷில்பா வீட்டில் பத்திரிகையைக் கன்னடத்திலும் அடிக்க வேண்டும் என்கிறார்கள், நல்லதுதான், இரண்டு பக்கமும் அடித்துவிடலாம்.

வாடை சீக்கிரம் போக வழி உண்டா?

அக்கா

*

தொம்மலூர்
24.10.2025

அக்காவுக்கு,

நலம். சளி இல்லை. சேனாவுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

வாடைக்கு வழி உண்டு. துளி ஷாம்பூவை வெதுவெதுப்பான நீரில் கலந்து அலசு. பிறகு நுரை கட்டி, கழுவாமல் நுரையோடே ஒரு பகல் விடு. மறுநாளும் அப்படியே. நிழலில் காயவை. வினிகர், எலுமிச்சை என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே, முடி முரடாகிவிடும்.

ஒரு சந்தேகம். 'அந்த நாளிலிருந்து' என்று எழுதியிருக்கிறாய். எந்த நாள்? உன் வீட்டுக்காரர் சுரங்கத்தில் காலம் தள்ளியவர். எலி செத்த இடத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன் என்று பெருமையாகச் சொல்வார், நானே கேட்டிருக்கிறேன். அவருக்கா வாடை ஆகாது? இது அக்கறை இல்லை, வெறும் ஆவல். பிரஷ்ஷின் வாடை யாரை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பது பிரஷ்ஷைப் பற்றிய கேள்விதானே.

அசோகன்

*

ராபர்ட்சன்பேட்டை
9.11.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம்.

ஷாம்பூ போட்டேன், நுரையோடு விட்டேன். பாதி குறைந்தது. ஆனால் மாமா வீட்டில் இருக்கும்போது பிரஷ்ஷை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. "கொல்லையில வெச்சுக்கயேன்" என்றார், அவ்வளவுதான். ஆனால் நான் எடுக்கும் நேரத்தில் அவருக்குக் கடைக்குப் போகும் வேலை வந்துவிடுகிறது. இங்கே பழக்க முடியாது. திருப்பி அனுப்புகிறேன், நீயே பழக்கிக் கொடு. உள்ளங்கையைவிட முகத்தில் போட்டால் சீக்கிரம் பழகும் என்று சேனா எங்கோ பார்த்தானாம்.

பத்திரிகை இத்துடன் இருக்கிறது. தாய்மாமன் என்று உன் பெயர் போட்டிருக்கிறோம். போடச் சொன்னது மாமா.

அக்கா

*

தொம்மலூர்
15.11.2025

அக்காவுக்கு,

என்னைக் கேட்காமல் என் பெயரை அச்சடித்திருக்கிறீர்கள். அதுவும் உன் வீட்டுக்காரர் சொல்லி. அவர் என் பெயரைப் பத்திரிகையில் போடலாம், நான் வருவதற்குள் என் அம்மாவை மண்ணில் போடலாம், இரண்டுக்கும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. நல்ல உரிமை.

பிரஷ் வந்தது. முகத்தில்தான் போடுகிறேன். சேனா சொன்னது சரி. இத்தனை வருடம் ட்யூப் கிரீமைக் கையால் அப்பிக்கொண்டிருந்தவன், இப்போது காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுகிறேன். வட்டமாகச் சுழற்றினால் முடி நிமிர்கிறது, பிறகு பெயின்ட் அடிப்பதுபோல் மேலும் கீழும் இழுத்தால் நுரை படிகிறது. நுனிகள் பிளக்க ஆரம்பித்துவிட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நம்ப மாட்டாய், ஒவ்வொரு முடியும் சின்ன விளக்குமாறு மாதிரி விரிகிறது.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஷாம்பூவுக்குப் பதில் வந்தது, இதற்கு வரவில்லை. நான் ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவன். மாணவன் எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுகிறானோ அதில்தான் என் கண் போகும். அவர் எப்போது கறி விட்டார்? எந்த நாளிலிருந்து வாடை ஆகாது? அம்மாவின் நாளா? அன்றைக்கு நான் வீட்டுக்குள் வரவில்லை. இடுகாட்டிலிருந்தே திரும்பிவிட்டேன். வீட்டில் என்ன வாடை?

அசோகன்

*

தொம்மலூர்
26.11.2025

அக்காவுக்கு,

பதில் இல்லை. தபால்காரரைக் கேட்டேன், அவர் மேல் தவறில்லை.

பிரஷ் நன்றாக இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா?

என்ன <u>வாடை</u>, அக்கா?

அசோகன்

*

ராபர்ட்சன்பேட்டை
30.11.2025

அசோகனுக்கு மாமா பச்சைமுத்து எழுதுவது. இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவளிடம் அன்றைக்கே சத்தியம் வாங்கியிருந்தேன். அதனால் அவள் பதில் எழுதவில்லை. அவளைத் திட்டாதே. அந்த ஒரு வார்த்தைக்கு அடியில் நீ கோடு போட்டிருந்தாய். இனி நீ விட மாட்டாய் என்று தெரிந்தது. நானே எழுதுகிறேன்.

அம்மாவை வைக்க ஐஸ் பெட்டி வாடகைக்குக் கொண்டு வந்தோம். அன்று சாயங்காலம் காற்றடித்து மரம் ஒன்று கம்பி மேல் விழுந்து கரண்ட் போய்விட்டது. விடிந்தும் வரவில்லை. கல்யாண சீசன், ஜெனரேட்டர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து சுற்றி அடுக்கினேன். மே மாதம். எவ்வளவு தாங்கும்? மத்தியானத்துக்குள் அம்மா முகம் அம்மா முகமாக இல்லை. வாடை வந்துவிட்டது. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். உன் அக்காவால்கூட உள்ளே இருக்க முடியவில்லை. யாராவது இருக்க வேண்டும் அல்லவா, நான் இருந்தேன்.

நீ போனில் அழுதாய். "மாமா, முகத்த மட்டும் பாத்துக்கறேன், முகத்த மட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்த முகத்தை உனக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. போனில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ராகு காலம் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நம் வீட்டில் ஏது ராகு காலம் என்று நீ திருப்பிக் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். நீ கேட்கவில்லை, கோபப்பட்டாய். கோபம் இருந்துவிட்டுப் போகட்டும், அம்மாவை நல்லபடியாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே இருந்தவர்களிடமும் உன்னிடம் பேசக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

அவ்வளவுதான் விஷயம். இதை எழுதியதால் நீ வர வேண்டும் என்று இல்லை. இடுகாட்டில் எல்லோர் முன்னாலும் நீ என் சட்டையைப் பிடித்தாய். அதை நானும் மறக்கவில்லை.

சேனாவுக்குச் சோப்புப் போட ஆள் வேண்டும்.

பச்சைமுத்து

*

தொம்மலூர்
8.12.2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு அசோகன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை ஒரே ஒருமுறை படித்தேன். மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அம்மா எனக்கு இப்போதும் கடைசியாகப் பார்த்த அந்தப் பொங்கலுக்கு வாசலில் நின்ற முகத்தோடுதான் வருகிறாள், நெற்றியில் வியர்வையோடு, என்னைத் திட்டிக்கொண்டு. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ராகு காலம் என்றதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உலகத்தில் வேறு பொய்யே கிடைக்கவில்லையா? மழை வருகிறது என்றிருக்கலாம். குழி தோண்டும் ஆட்கள் போய்விடுவார்கள் என்றிருக்கலாம். அப்பா கேட்டிருந்தால் உங்களை அங்கேயே உட்கார்த்திவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். நேரில் வந்து இதைப் பற்றிச் சண்டை போட உத்தேசம்.

பிரஷ் பழகிவிட்டது. வெந்நீரில் நனைந்தால் பஞ்சுபோல் இருக்கிறது, ஆனால் முதுகெலும்பு போகவில்லை. வாடையைச் சோதித்தேன். தினமும் என் முகத்திலேயே போடுவதால் என் மூக்கை நம்ப முடியாது. வேறு மூக்கு வேண்டும். பிரஷ்ஷைக் கல்லூரிக்கு எடுத்துப்போய், ஆய்வகத்தில் வெந்நீரில் நனைத்து, கிளிஃபர்ட் அறைக்குள் நுழைந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்ன சார், இத்தன வருஷமா பேசவே இல்ல, இப்ப வந்து மூஞ்சில பிரஷ்ஷ வெக்கறீங்க?"

"வாடை வருதான்னு சொல்லு."

"சந்தன சோப்பு வாசன வருது. வேற என்ன வரணும்?"

"மிருக வாடை? ஈர வாடை?"

"இல்ல சார். உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கில்ல?"

போதும் என்று திரும்பினேன். பின்னாலிருந்து "குட் மார்னிங் சார்" என்றான். வேறு வழியில்லாமல் நானும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனாலும் கிளிஃபர்ட் மூக்கு உங்கள் மூக்கு ஆகாது. சனிக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் வருகிறேன். வந்ததும் நனைத்துத் தருகிறேன், வாசலில் நின்றே முகர்ந்து பாருங்கள். துளி வாடை இருந்தாலும் சொல்லிவிடுங்கள், மழுப்ப வேண்டாம், அதில் நீங்கள் தேர்ந்தவர் இல்லை. பிரஷ்ஷைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையாலேயே சேனாவுக்குச் சோப்புப் போடுகிறேன். வாடை இல்லை என்றால் காலையில் ஒரு சொம்பு வெந்நீர் வேண்டும், கொதிக்க வேண்டாம், அக்காவுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் படுக்க இருப்பது ஒரே ஒரு ஹால். கல்யாணத்தன்று காலையில் நான் உங்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, மாமா? இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அசோகன்